கழுத்துக் கட்டியும் கண்ணாடித் தகடும்



வரலாறு என்றதும் முடியும் கோட்டையும் போர்க்களமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று நானும் அவற்றைத்தான் பெரும்பாலும் கற்பித்தேன். இன்று நான் சொல்ல விரும்புவது வேறொரு வரலாறு. விரல் நீளமும் அதில் மூன்றிலொரு பங்கு அகலமும் உடைய கண்ணாடித் தகட்டின் வரலாறு அது. அத்தகட்டின்மேல் ஒட்டப்படும் சிறு சதைத் துணுக்கு, ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கவும் கூடும். மீட்டுத் தரவும் கூடும். இதை நான் நூலில் படித்து அறியும் முன்பே, என் கையில் ஒரு கண்ணாடிக் குப்பியைச் சுமந்து அறிந்தேன்.

1981-ஆம் ஆண்டில் எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். என் தங்கைக்குக் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றே கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. வலி இல்லை. எச்சில் விழுங்கும்போது அதுவும் மேலே ஏறி இறங்கும். அவளுக்கு அப்போது திருமணம் நிச்சயம் ஆகியிருந்தது. தாராபுரத்துப் பக்கத்தில் ஒரு சிறு மருத்துவமனையில் அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு குப்பியில் மருந்து நீரில் இட்டு, கோயம்புத்தூரில் உள்ள சோதனைக்கூடம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி என்னிடம் தந்தார்கள். அந்நாளில் அதுவே வழக்கம், உறவினர்தாம் தூதுவர். மஞ்சள் பைக்குள் குப்பியை வைத்து, பையை மடியில் வைத்து, பல்லடம் வழியாகச் செல்லும் பேருந்தில் அமர்ந்தேன். பையிலிருந்து எழுந்த நெடியை உணர்ந்த நடத்துநர், "ஏனுங் தம்பி, ஊறுகாயுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

விடை வரப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் ஊரில் ஒரு சொல் பரவிவிட்டது. "புற்று" என்பதே அச்சொல். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு நாளும் காத்திருக்கவில்லை.

அந்தக் குப்பிக்குள் இருந்தது என்ன, அதைப் பார்த்து ஒருவர் நன்று என்றும் தீது என்றும் எவ்வாறு சொல்ல முடிகிறது என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

கழுத்தில் உள்ள அச்சுரப்பிக்குத் தைராய்டு என்னும் பெயரை 1656-இல் வழங்கியவர் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வார்ட்டன். கிரேக்க மொழியில் அச்சொல் கேடயத்தைக் குறிக்கும்; அதனால் தமிழில் அதைக் கேடயச் சுரப்பி என்றும் எழுதுவதுண்டு. பெயரிட்ட பெருமகனாருக்கு அதன் பயன் தெரியவில்லை. கழுத்துக்கு, அதிலும் பெண்களின் கழுத்துக்கு, உருட்சியும் அழகும் தருவது அதன் தொழில்களுள் ஒன்று என எழுதிவைத்தார். அறிஞர்களும் சில வேளை அப்படித்தான்.

அச்சுரப்பி வீங்குவதை முன்கழுத்துக் கழலை என்கிறோம். நம் நாட்டு வைத்தியம் கழுத்து வீக்கங்களைக் கண்டமாலை, கழலை முதலான பெயர்களால் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஆனால் வெளியே ஒரே தோற்றம் உடைய வீக்கங்களுக்குள்ளே வேறு வேறு நோய்கள் குடியிருக்கும். அயோடின் பற்றாக்குறையால் வீங்கலாம்; உடலின் காப்புப் படையே சுரப்பியைப் பகையாகக் கருதித் தாக்குவதால் வீங்கலாம்; தீங்கற்ற கட்டியாக இருக்கலாம்; புற்றாகவும் இருக்கலாம். தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரையே புற்று என்பது இன்றைய கணக்கு. எஞ்சியவை பெரும்பாலும் தீங்கற்றவை. கட்டி கல்லைப் போல் கெட்டியாக இருக்கிறதா, அசையாமல் ஒட்டியிருக்கிறதா, குரல் கம்மிவிட்டதா என்று கையாலும் காதாலும் ஆராய்ந்து மருத்துவர்கள் ஓரளவு ஊகித்தார்கள். ஊகம் ஊகந்தான். புற்றுக்குள் பாம்பு உண்டா இல்லையா என்பதை மேட்டைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறுவை மருத்துவர்கள் துணிவு கொண்டார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியோடர் கோக்கர் அவர்களுள் தலையாயவர். அவர் கைத்திறத்தால் இந்த அறுவையில் ஏற்பட்ட சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனால் சுரப்பியை முழுதும் எடுத்தபின் என்ன ஆயிற்று? முன்னர் அறுவை செய்துகொண்டவர்களை அவர் மீண்டும் அழைத்துப் பார்த்தார். அவர்களுள் பெரும்பாலோர் முகம் ஊதி, அறிவு மந்தித்து, நடை தளர்ந்து வந்து நின்றார்கள். 1883-இல் அதை மறைக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தார். 1909-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பரிசைவிட 1883-ஆம் ஆண்டு அறிக்கையையே நான் பெரிதாக மதிக்கிறேன். தம் கைப்பிழையைத் தாமே எழுதியவர் அவர். கத்தியால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்னும் எண்ணம் அன்றோடு முறிந்தது. எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அறிந்தாக வேண்டிய கட்டாயம் பிறந்தது.

அறிவதற்குக் கருவிகள் வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் பிர்ச்சோ 1858-இல், நோய் என்பது உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்று நூல் எழுதி வழிகாட்டினார். ஆயினும் சதைத் துண்டை எடுத்த சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கிவிடுமே! அதற்கு 1893-இல் விடை கிடைத்தது. பிராங்பர்ட் நகரத்து பெர்டினாண்ட் புளூம் என்னும் மருத்துவர், பார்மால்டிஹைடு நீரைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தம் விரல் நுனிகள் அதில் பட்டு விறைத்துப் போவதைக் கண்டார். விரலை விறைக்கச் செய்வது சதைத் துண்டையும் விறைக்கச் செய்து காக்குமன்றோ? அந்நீரே நாம் பார்மலின் என்பது. என் மஞ்சள் பையில் நெடி வீசியதும் அதுவே.

விறைத்த துண்டை மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்னும் சீவுகருவியால் ஏடு ஏடாகச் சீவுவர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 4 அல்லது 5 கூறுதான் ஓர் ஏட்டின் கனம். இவ்வளவு மெல்லிய ஏடு நிறமற்றது. நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே சாயம் ஏற்ற வேண்டும். திருப்பூரையும் கோவையையும் அறிந்த உங்களுக்குச் சாயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நடு அமெரிக்கப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து துணிக்கு ஏற்றும் சாயம் ஒன்று எடுப்பார்கள். அதிலிருந்து பெறும் ஹிமடாக்சிலின் உயிரணுவின் உட்கருவை நீலமாக்குகிறது. செயற்கைச் சாயமான இயோசின் மற்ற பகுதியை இளஞ்சிவப்பாக்குகிறது. நெசவாளிக்காகப் பிறந்த சாயக்கலை மருத்துவனுக்குக் கண்ணாக வாய்த்தது. பஞ்சாலைகள் நிறைந்த நம் ஊரில் இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றே மகிழ்ச்சி உண்டு.

இனி நம் அண்டை மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலைரயில் ஏறிச் சென்றால் குன்னூர். அங்கே 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. நாய்க்கடிக்கு மருந்து தரும் இடமாகவே அதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கழலை ஆராய்ச்சியின் வரலாற்றிலும் அந்த இடத்துக்கு இடமுண்டு என்பதைப் பலர் அறியார்.

ராபர்ட் மக்காரிசன் என்பவர் 1878-இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இங்கு வந்தார். இமயத்துக்கு அப்பால் கில்கித் பகுதியில் பணியாற்றியபோது, அங்குள்ள சிற்றூர்களில் கழலை மிகுந்திருப்பதைக் கண்டார். ஒரே வாய்க்காலின் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஊர்கள் அவை. மேலூரின் அழுக்கு கீழூரின் குடிநீர். மேலிருந்து கீழே வர வரக் கழலை பெருகிக்கொண்டே போயிற்று. தமக்கெனத் தனி ஊற்று உடைய ஊரில் கழலை இல்லை. மக்காரிசன் என்ன செய்தார் தெரியுமா? அவ்வாய்க்கால் நீரின் வண்டலைத் தாமே நாள்தோறும் குடித்தார். உடன்பட்ட சிலருக்கும் கொடுத்தார். சில வாரங்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது, அவருக்கும் வீங்கியது. வண்டலைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. ஆகவே கழலைக்குக் காரணம் நீரில் உள்ள கிருமியே என்ற முடிவுக்கு வந்தார்.

அம்முடிவு இன்று ஏற்கப்படுவதில்லை. அடிப்படைக் காரணம் மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாமையே. அயோடின் குறைந்த இடத்தில் அழுக்கு நீர் நிலைமையை மோசமாக்கலாம் என்ற அளவில் அவர் கண்டதற்கு இன்றும் மதிப்புண்டு. அதற்காக அவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. தம் கழுத்தையே சோதனைச் சாலை ஆக்கிய மனிதர் அல்லவா? பின்னர் அவர் குன்னூருக்கு வந்தார். 1917-இல் தைராய்டுச் சுரப்பியைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளியாயிற்று. 1918-இல் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளையும் ஊட்டி, அவற்றின் உறுப்புகளை ஆராய்ந்தார். பஞ்சாபியர் உணவு உண்ட எலிகள் கொழுத்து நிற்க, சென்னை மாகாணத்து அரிசி உணவு உண்டவை மெலிந்தன. நம் கொங்கு நாட்டுக் கம்பையும் சோளத்தையும் தனியே தட்டில் வைத்திருந்தால் விடை எப்படி இருந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. அது வேறு கதை.

1947-இல் அதே குன்னூர்க் கூடத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். ஸ்ரீகாகுளத்தில் பிறந்து, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து திசுக்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட வி. ராமலிங்கசுவாமி அவர். சில ஆண்டுகள் குன்னூரில் பணியாற்றிப் பின் வடக்கே சென்றார். 1956-இல் இமயத்து அடிவாரமான காங்ரா பள்ளத்தாக்கில் அவரும் அவர் தோழர்களும் தொடங்கிய சோதனை உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தனர். இரண்டு பிரிவுகளுக்கு அயோடின் கலந்த உப்பு; நடுவில் உள்ள பிரிவுக்குச் சாதாரண உப்பு. தொடக்கத்தில் பள்ளிச் சிறுவருள் நூற்றுக்கு 38 பேர் அளவில் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பிரிவுகளில் அது பாதியாகவும், பாதிக்குக் கீழாகவும் குறைந்தது. மற்றதில் குறையவே இல்லை. 1962-இல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. குன்னூர்க் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படுவது அதுவே. இன்னொன்றும் கவனியுங்கள். அயோடின் குறைந்த நாடுகளில் கடுமையான தைராய்டுப் புற்று வகைகளின் பங்கு மிகுந்திருக்கும். அயோடின் கிடைத்தபின் மென்மையான வகையின் பங்கு ஓங்கும். உப்பு மாறினால் கண்ணாடித் தகட்டில் தெரியும் படமும் மாறுகிறது.

தகட்டைப் படிப்பது எளிதன்று. ஜப்பானில் கியூஷுப் பல்கலைக்கழகத்தில் ஹகரு ஹஷிமோட்டோ என்னும் இளம் மருத்துவர், நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த சுரப்பிகளை ஆராய்ந்தார். அவற்றில் வெள்ளணுக்கள் படை படையாகப் புகுந்திருந்தன. இது முன்பு எவரும் விவரித்திராத நோய் என்று 1912-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். உலகம் செவிசாய்க்கவில்லை. அவர் ஆராய்ச்சியை விட்டுத் தம் சொந்த ஊருக்குச் சென்று வைத்தியம் பார்த்து, 1934-இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். இன்று தைராய்டு நோயாளிகளிடம் மிகப் பரவலாகக் கேட்கும் பெயர்களில் ஒன்று அவருடையது. அவர் அதைக் கேட்க இருக்கவில்லை.

தவறாகப் படித்த கதையும் உண்டு. கழுத்தின் பக்கவாட்டில் தைராய்டுத் திசு காணப்பட்டால், அது பிறவியிலேயே இடம் மாறி அமைந்த தீங்கற்ற திசு என்று நெடுநாள் கருதினர். அதற்கு ஒரு பெயரும் சூட்டியிருந்தனர். பின்னரே அது, பெரும்பாலும், சுரப்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த சிறு புற்றிலிருந்து நிணநீர் முடிச்சுக்குப் பரவியது என்று விளங்கியது. பார்த்தது பிழையன்று, பொருள் கொண்டதே பிழை.

தைராய்டுப் புற்றில் நூற்றுக்கு எண்பதளவு பாப்பில்லரி என்னும் வகை. அதன் உட்கருக்கள் வெளிறி, தேய்த்த கண்ணாடி போல் இருக்கும்; மணல் துகள் போன்ற சுண்ணாம்பு உருண்டைகளும் சில வேளை தென்படும். கற்றவர் கண்ணுக்கு அது ஒளியாது. தொல்லை தருவது பாலிக்குலர் என்னும் வகை. அதில் தீங்கற்ற கட்டியும் புற்றும் அணுவுக்கு அணு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு ஒன்றே: கட்டியைச் சுற்றியுள்ள உறையை அது கிழித்து வெளியேறியிருக்கிறதா, இரத்தக் குழாயில் புகுந்திருக்கிறதா என்பதே. தோட்டத்துக் கிளுவை வேலியைத் தாண்டாத ஆட்டையும் தாண்டிய ஆட்டையும் நிறத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வேலியைத்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆகவே உறை முழுவதையும் பல இடங்களில் சீவிப் பார்த்த பின்பே அங்கு முடிவு சொல்ல இயலும். அதற்குக் கட்டி முழுதும் வெளியே வந்தாக வேண்டும்.

மற்ற கட்டிகளுக்கும் அறுத்துத்தான் அறிய வேண்டுமா? நியூயார்க் நகரத்தில் ஹேய்ஸ் மார்ட்டின் என்னும் அறுவை மருத்துவரும் எட்வர்ட் எல்லிஸ் என்னும் சோதனைக்கூட உதவியாளரும், ஊசியால் கட்டியைக் குத்தி உறிஞ்சி, வந்ததைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் முறையை 1930-இல் எழுதினர். அவர்களுடைய ஊசி தடித்தது. அமெரிக்காவில் அது அப்போது பரவவில்லை. ஊசி புற்றைப் பரப்பிவிடும் என்று அஞ்சினர். சுவீடன் நாட்டவரோ மெல்லிய ஊசியைக் கையில் எடுத்தனர். 1952-இல் நில்ஸ் சோடர்ஸ்ட்ரோம் கழலையை ஊசியால் ஆராய்வதைப் பற்றி எழுதினார். ஸ்டாக்ஹோமில் பிரான்சேன், சாயிசெக், லோவ்ஹேகன் முதலியோர் அதை நம்பத்தக்க கலையாக வளர்த்தனர். 1970-களில் இந்தியப் பெருநகர மருத்துவமனைகளிலும் அது வேர் கொள்ளத் தொடங்கியது. இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. சில நொடி வேலை. பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டா. 1981-இல் எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதாக எவரும் சொல்லவில்லை.

ஊசியின் விடையை ஒவ்வொரு மருத்துவர் ஒவ்வொரு சொல்லால் எழுதியதால் குழப்பம் விளைந்தது. 2007-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் கூடிய அறிஞர்கள், விடைகளை ஆறு வகுப்புகளாக வரையறுத்தனர். முதல் வகுப்பு, போதிய அணுக்கள் கிடைக்கவில்லை என்பது, இரண்டாவது, தீங்கற்றது, ஆறாவது, புற்று. நடுவில் உள்ளவை ஐயத்துக்குரிய படிகள். வாழ்நாள் முழுதும் விடைத்தாள் திருத்திய எனக்கு இம்முறை பிடித்திருக்கிறது. 35 வாங்கியவன் தேறினான். 12 வாங்கியவன் தேறவில்லை. 34 வாங்கியவனை என்ன செய்வது என்பதில்தானே ஆசிரியனுக்கு உறக்கம் போகிறது? அத்தாளை இன்னொருவர் மீண்டும் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு விடை வந்தால் மருத்துவர்களும் அதையே செய்கிறார்கள்; ஊசியை மீண்டும் இடுகிறார்கள், அல்லது அணுவின் மரபுப் பொருளைச் சோதிக்கிறார்கள். பாலிக்குலர் கட்டியின் வேலியை ஊசியால் சுற்றிப் பார்க்க முடியாது என்பது மட்டும் இன்றும் மாறவில்லை.

அறியும் ஆற்றல் பெருகியபோது வேறொரு துன்பம் வந்தது. தென்கொரியாவில் 1999-இல் தேசிய அளவில் புற்றுநோய்ச் சோதனைகள் தொடங்கின. அவற்றோடு, கூடுதலாகக் கழுத்தையும் ஒலியலைக் கருவியால் பார்க்கும் வழக்கம் பரவியது. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. அந்நோயால் இறந்தவர் தொகையோ மாறவில்லை. வாழ்நாள் முழுதும் உறங்கிக் கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகளைத் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கானோர் கழுத்தை அறுத்திருந்தார்கள். 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலர் இதை வெளிப்படையாக எதிர்த்தபின் அறுவைகள் பெரிதும் குறைந்தன.

2016-இல் மற்றொன்று நிகழ்ந்தது. பாப்பில்லரிப் புற்று என எழுதப்பட்டுவந்த கட்டிகளில் ஒரு வகை, தன் உறையைத் தாண்டாதது. ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நோய்க்குறியியல் அறிஞர்கள் அத்தகைய 109 பேரின் பழைய தகடுகளை எடுத்து மீண்டும் பார்த்தனர். பத்து ஆண்டு முதல் 26 ஆண்டு வரை சென்றும், அவர்களுள் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. ஆகவே அக்கட்டியின் பெயரிலிருந்து புற்று என்னும் சொல்லையே நீக்கிவிட்டார்கள். கட்டி மாறவில்லை, தகடு மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. அச்செய்தியைப் படித்த அன்று நான் பழைய அலமாரியைத் திறந்தேன்.

1981-இல் வந்த அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, தட்டச்சு எழுத்து மங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிய மூன்றாம் நாள் அது வந்தது. மொத்தம் இரண்டரை வரி, ஆங்கிலத்தில். ஆங்கிலம் அறியாத என் தந்தையார் திண்ணையில் அமர்ந்து என்னை மூன்று முறை படித்துச் சொல்லச் சொன்னார். சுரப்பிக் கண்ணறைகள் விரிந்து கூழ்நீர் நிரம்பியுள்ளன. உறை முழுமையாக உள்ளது. புற்றுக்கான அடையாளம் எதுவும் இல்லை என்று படித்தேன். உள்ளே கதவருகில் நின்று தங்கையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு 1983-இல் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் வேறிடத்தில் திருமணம் ஆயிற்று. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கழுத்தில் தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது; சங்கிலி அணிந்தால் தெரியாது.